"கரண்ட் இல்லை" என்றால் எது இல்லை?

ஜூன் 4, காலை (ஒரு வாசகர் கேட்டது)

"கரண்ட் போயிருச்சு", "கரண்ட் வந்திருச்சு" என்கிறோம். கரண்ட் என்றால் ஓட்டம்தானே? அதற்குத் தமிழில் மின்னோட்டம் இருக்கிறது. பிறகு மின்சாரம் என்று தனியாக ஒரு சொல் எதற்கு? அதில் பாதி வடமொழி வேறு. பிள்ளைகளுக்கு மின்னோட்டம் என்ற ஒரே சொல்லைச் சொல்லிக்கொடுத்தால் போதாதா?

ஜூன் 4, இரவு 9.40

போதாது. 27 வருஷமாகத் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். அதற்கு முன் ஒரு மில்லில் வயர்மேன் வேலை. இந்த இரண்டு சொல்லையும் ஒன்றாக்கினால் கையைச் சுட்டுக்கொள்வது நிச்சயம். விவரமாக நாளை எழுதுகிறேன்.

இப்போதைக்கு ஒன்று. "மின்" என்பது நம் சொல். மின்னல், மின்மினி, மினுக்கு எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. இங்கிலீஷில் எலக்ட்ரிசிட்டி என்ற சொல் வந்த வழியே வேறு. மரப்பிசின் கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்து கல்லாக இறுகியது அம்பர். அதைக் கம்பளியில் தேய்த்தால் வைக்கோல் துணுக்கை இழுக்கும். அதற்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் எலெக்ட்ரான். 1600ல் வில்லியம் கில்பர்ட் அந்தப் பெயரிலிருந்து லத்தீனில் எலெக்ட்ரிகஸ் என்ற சொல்லை உண்டாக்கினார். எலக்ட்ரிசிட்டி என்ற வடிவம் 1646ல் தாமஸ் பிரௌன் எழுத்தில் வருகிறது. அவர்கள் பெயரை எடுத்தது தரையில் கிடந்த பிசினிலிருந்து. நாம் எடுத்தது வானத்திலிருந்து. மின்னலும் இதுவும் ஒன்றுதான் என்று 1752ல் பெஞ்சமின் பிராங்க்ளின் பட்டம் விட்டுக் காட்டினார். நம் சொல் அந்தக் கண்டுபிடிப்பைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

ஜூன் 5, காலை 6.15

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பட்டத்துக்கு முன்பே, 1752 மே மாதம், பிரான்சில் மார்லி என்ற ஊரில் பிராங்க்ளின் சொன்ன முறைப்படி உயரமான இரும்புக் கம்பி நட்டு, இடிமேகத்திலிருந்து பொறி எடுத்துவிட்டார்கள். ஏற்பாடு செய்தவர் தாலிபார். யோசனை பிராங்க்ளினுடையது, முதலில் செய்தது அவர்கள்.

இன்னொன்று. மின்னலின் பெயரை வைத்தது நாம் மட்டுமில்லை. இந்தியில் பிஜ்லி என்றால் மின்னலும் அதுதான், வீட்டுக்கு வருவதும் அதுதான். தெலுங்கின் வித்யுத்தும் மின்னல்தான். ஆகவே "நம் சொல்" என்று நான் தனியாகப் பெருமைப்பட்டது கொஞ்சம் அதிகம்.

ஜூன் 5, மாலை

"சாரம்" பற்றிக் கேட்டிருக்கிறார்கள். தமிழ் எழுத்தில் ஒரே "ச" என்பதால் இரண்டு விதமாகப் படிக்க முடிகிறது. சாரம் என்றால் சத்து, பிழிந்தெடுத்த சாறு. அப்படிப் பார்த்தால் மின்சாரம் என்பது மின்னலின் சத்து. சஞ்சாரத்தில் வருகிற சாரம் என்று கொண்டால், நடமாட்டம். அப்போது மின்னின் நடமாட்டம். முதல் பொருளில் அது ஒரு பண்டம், இரண்டாவதில் அது ஒரு செயல். நான் வகுப்பில் முதல் பொருளைத்தான் சொல்வேன். ஏன் என்று கீழே வரும்.

ஜூன் 5, இரவு

யாழ்ப்பாணத்து அக்கா எழுதியிருக்கிறார், அங்கே சாரம் என்றால் ஆண்கள் இடுப்பில் உடுத்துவதாம். இங்கே கொத்தனாரைக் கேட்டால், கட்டடத்தைச் சுற்றி மூங்கிலில் கட்டுவது சாரம் என்பார். அந்த இரண்டையும் மின்னோடு சேர்க்காமல் விட்டுவிடலாம்.

ஜூன் 8

சொன்ன விவரம். நீளமாக இருக்கும்.

மில்லை விட்டு வந்த புதிதில் ஒரு வீட்டில் பல்பு மாற்றப் போனேன். சுவிட்சை அணைத்தேன். பல்பு எரியவில்லை. "கரண்ட் இல்லை" என்று அந்த வீட்டு அம்மாவிடம் நானே சொல்லிவிட்டு, ஸ்டூலில் ஏறி ஹோல்டரின் உள்ளே விரலை வைத்தேன். அடித்த அடியில் கீழே வந்து விழுந்தேன். இடது தோள் இன்றைக்கும் மழை நாளில் வலிக்கும்.

என்ன நடந்தது? அந்த வீட்டில் வயரிங் செய்த புண்ணியவான் சுவிட்சை, மின்சாரம் உள்ளே வரும் பேஸ் ஒயரில் வைக்காமல், அது திரும்பும் நியூட்ரல் ஒயரில் வைத்திருந்தார். சுவிட்சை அணைத்ததும் சுற்று அறுந்தது, ஓட்டம் நின்றது, பல்பு அணைந்தது. ஆனால் பேஸ் நேராக ஹோல்டர் வரைக்கும் வந்து காத்துக்கொண்டிருந்தது. 230 வோல்ட், முழுசாக. ஓடுவதற்கு வழி இல்லை, அவ்வளவுதான். என் விரல் வழி கொடுத்தது.

அப்போது நான் சொன்ன வாக்கியத்தைப் பாருங்கள். "கரண்ட் இல்லை." இயற்பியல் புத்தகப்படி அது நூற்றுக்கு நூறு சரி. அந்த ஒயரில் மின்னோட்டம் சுழியம்தான். சரியான வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் விழுந்தேன்.

அதனால்தான் மின்னோட்டம் என்ற ஒரு சொல் போதாது என்கிறேன். ஓடுவதற்கு ஒரு சொல் வேண்டும். ஓடாமல், ஆனால் ஓடத் தயாராக இருப்பதற்கு இன்னொரு சொல் வேண்டும். புத்தகம் இரண்டாவதை மின்னழுத்தம் என்கிறது. நல்ல சொல். மேல்தொட்டியில் தண்ணீர் நிரம்பி, குழாய் மூடியிருக்கும்போதும் குழாய்க்குள் அழுத்தம் இருப்பதுபோல. ஆனால் தெருவில் யாரும் "மின்னழுத்தம் இருக்கா பார்" என்று சொல்வதில்லை. "கரண்ட் இருக்கா பார்" என்றுதான் கேட்கிறோம்.

ஜூன் 9, காலை

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். கரண்ட் என்ற சொல்லின் மேல் கோபம் தெரிகிறது. அது நியாயமில்லை. அந்தச் சொல்லை ஜனங்கள் எத்தனை விதமாக ஆளுகிறார்கள் என்று யோசித்தேன்.

"கரண்ட் வந்திருச்சு" என்றால் சப்ளை வந்தது. "கரண்ட் அடிச்சிருச்சு" என்றால் ஷாக். "கரண்ட் பில்" என்றால் செலவழித்த ஆற்றலுக்குக் காசு. "கரண்ட் கம்பி", "கரண்ட் கம்பம்", "கரண்ட் அடுப்பு" இதிலெல்லாம் அது வெறும் அடைமொழி. "லைன்ல கரண்ட் பத்தல" என்றால் லோ வோல்டேஜ். ஒரே சொல் இத்தனை வேலை செய்கிறது, கேட்பவருக்கு இடம் பார்த்துப் பொருள் புரிந்துவிடுகிறது. மலையாளிகளும் தெலுங்குக்காரர்களும் இதே கரண்ட்டைத்தான் சொல்கிறார்கள்.

எங்கள் ஊருக்கு லைன் வந்தபோது எனக்கு ஆறு வயசு. என் அய்யா கரண்ட் என்றோ மின்சாரம் என்றோ சொல்லவில்லை. "நம்ம ஊருக்கு லைட்டு வந்திருச்சு" என்றார். கண்ணுக்குத் தெரிந்தது வெளிச்சம்தான். அப்புறம் பக்கத்துத் தோட்டத்தில் பம்புசெட் மோட்டார் வந்தது. மோட்டாருக்கு லைட்டு என்று சொல்ல முடியாது. அப்போதுதான் அவர் வாயில் கரண்ட் வந்தது.

ஜூன் 9, இரவு

கோவில்பட்டிப் பக்கத்து நண்பர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். தொழிலில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், எல்லோரும் ஒருநாள் இதில் மாட்டியிருப்போம். வீட்டில் எதுவும் வேலை செய்யவில்லை. பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது. "ரெண்டு கரண்ட் வருதா?" என்கிறார்.

வரவில்லை. எங்கோ நியூட்ரல் அறுந்திருக்கிறது. வீட்டில் போட்டபடி கிடக்கும் பல்போ ஃபேனோ வழியாகப் பேஸ் உள்ளே புகுந்து, நியூட்ரல் ஒயருக்கு வந்து, மேலே போக வழியில்லாமல் நிற்கிறது. அதுதான் இரண்டாவது ஓட்டையில் தெரிகிறது. இதை "ரிட்டர்ன் வருது" என்போம். சுவிட்ச் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இரண்டாவது ஓட்டையைப் பார்த்தால் டெஸ்டர் அணைந்துவிடும், நோய் தெரிந்துவிடும். தொட வேண்டாம், லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

இங்கும் அதே கதைதான். வீடு முழுக்க மின்னழுத்தம், ஓட்டம் எங்கும் இல்லை.

ஜூன் 11

மின்தடை. இந்தச் சொல்தான் என்னை அதிகம் படுத்துகிறது.

போன வருஷம் முதலாண்டு மாணவன் ஒருவன், நன்றாகப் படிக்கிறவன், தேர்வில் "மின்தடை என்றால் என்ன?" என்ற கேள்விக்கு "மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவது" என்று எழுதியிருந்தான். ஓம் விதி வந்திருக்க வேண்டிய இடம்: புத்தகத்தில் மின்தடை என்றால் ரெசிஸ்டன்ஸ், ஒரு பொருள் மின்னோட்டத்தை எதிர்க்கும் குணம். சுழியம் போட்டேன். மறுநாள் அவன் பேப்பரை எடுத்துவந்து காட்டினான். "நாளை மின்தடை" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, கீழே ஊர்ப் பெயர்கள். அவன் எழுதியது தமிழ்நாட்டில் தினமும் அச்சாகிற பொருள். நான் எதிர்பார்த்தது புத்தகத்தில் மட்டும் இருக்கிற பொருள். மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன், பாதி.

2012ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பல மணி நேரம் இருட்டில் கிடந்தோமே, அப்போது "மின்வெட்டு" என்றார்கள். அது தெளிவான சொல், குழப்பம் இல்லை. மின்வெட்டு என்றால் பற்றாக்குறை, மின்தடை என்றால் பராமரிப்பு என்று ஒரு பாகுபாடு தானாக உண்டாகியிருக்கிறது என்று நினைக்கிறேன். வெட்டு என்றால் கோபம் வருகிறது, தடை என்றால் அவ்வளவு வருவதில்லை.

ஜூன் 12

இன்னொரு பேப்பர் சொல்: மின்கசிவு. எந்தத் தீ விபத்து என்றாலும் "மின்கசிவு காரணமாக" என்று ஒரு வரி. தகரக் குழாயில் தண்ணீர் கசிவதுபோல ஒயரிலிருந்து ஏதோ சொட்டித் தீப்பிடித்தது என்று படிக்கிறவர் நினைக்கிறார். பல இடங்களில் உண்மையில் நடப்பது ஷார்ட் சர்க்யூட், இல்லாவிட்டால் லூஸ் கனெக்‌ஷன், இல்லாவிட்டால் 6 ஆம்ஸ் (ஆம்பியர், ஓட்டத்தை அளக்கும் அலகு) பிளக்கில் 16 ஆம்ஸ் பொருளைச் சொருகி ஒயர் சூடாகி உருகுவது.

கசிவு என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது, அது வேறு. இதைச் சொல்ல ஓர் அடிப்படை விஷயத்திலிருந்து வர வேண்டும். "ஹீட்டர் கரண்டைத் தின்னுது" என்கிறோம். தின்பதில்லை. பேஸில் 8 ஆம்பியர் போனால் நியூட்ரலில் அதே 8 ஆம்பியர் திரும்பிவிடும். ஒரு பொட்டுக்கூடக் குறையாது. ஹீட்டர் எடுத்துக்கொள்வது ஆற்றலை. பில்லில் யூனிட் என்று வருவது அதுதான்: 1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் குண்டு பல்பு என்றால் பத்து மணி நேரம். இந்தக் கணக்கின்படி "கரண்ட் பில்" என்பதைவிட "மின்சாரக் கட்டணம்" சரி. மின்சாரம் என்பதை மின்னின் சத்து என்று வகுப்பில் சொல்வதாக மேலே எழுதினேனே, இதற்காகத்தான். நாம் காசு கொடுப்பது சத்துக்கு. ஓடியது அப்படியே திரும்பிப் போய்விடுகிறது.

இப்போது கசிவு. போனதும் திரும்பியதும் சமமாக இல்லை என்றால், நடுவில் எங்கோ வேறு வழியில் மண்ணுக்குப் போகிறது என்று பொருள். கிரைண்டர் உடம்பு வழியாக இருக்கலாம். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மனிதர் வழியாகவும் இருக்கலாம். ஆர்.சி.சி.பி. என்று மெயின் போர்டில் வைக்கிறோமே, அது செய்கிற வேலை இந்த வரவு செலவு பார்ப்பதுதான். வீட்டுக்கு வைப்பதில் வித்தியாசம் 30 மில்லி ஆம்பியர் ஆனால் வெட்டிவிடும். 100 வாட் பல்பில் ஓடுவதில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு சின்னதுதான் ஆளைக் கொல்லப் போதுமானது. உங்கள் போர்டில் இது இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். டெஸ்ட் என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வெட்டவில்லை என்றால் மாற்றுங்கள்.

ஜூன் 12, சற்று நேரம் கழித்து

"ஓடியது திரும்பிப் போகிறது" என்று எழுதியதைத் திருத்துகிறேன். நம் வீட்டுக்கு வருவது ஏ.சி., அதாவது திசை மாறி மாறி வரும் மின்னோட்டம், நொடிக்கு 50 சுற்று. ஒயருக்குள் இருக்கும் எலக்ட்ரான் என்ற நுண்துகள் முன்னும் பின்னும் நடுங்குகிறதே தவிர எங்கும் பயணம் போவதில்லை. ஒரு தலைமயிரின் பருமன் அளவுகூட நகராது. எங்கோ நெய்வேலியில் கிளம்பி நம் ஃபேனுக்கு ஒன்றும் வந்து சேர்வதில்லை. நடுக்கம்தான் வந்து சேர்கிறது. அப்படியானால் "மின்னோட்டம்" என்ற சொல்லிலேயே ஓட்டம் பாதிதான் உண்மை. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள், நானும் அந்த வயசில் நம்பவில்லை.

ஜூன் 13

"கரண்ட் இழுத்துக்கிச்சு" சரியா என்று கேள்வி. வெளியிலிருந்து எதுவும் இழுப்பதில்லை. சுமார் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் கைத்தசை தானாகச் சுருங்கும். விரலை மடக்கும் தசை, நீட்டும் தசையைவிட வலுவானது, அதனால் கை ஒயரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிடித்திருப்பவருக்கு இழுப்பதுபோல இருக்கும். காப்பாற்றப் போகிறவர் வெறும் கையால் தொடக் கூடாது. முதலில் மெயினை அணையுங்கள்.

ஜூன் 17

மழை, இடி. வேலை இல்லை, அதனால் விஷயத்தை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன்.

கிராமத்தில் "தென்னையில இடி விழுந்துச்சு" என்பார்கள். பேப்பர் "மின்னல் தாக்கி" என்று எழுதும். பேப்பர் சொல்வதுதான் சரி, இடி என்பது சத்தம் மட்டும். ஆனால் கோபுரத்தில் வைக்கிற கம்பிக்குப் பேப்பரும் "இடிதாங்கி" என்றுதான் எழுதுகிறது. யாரும் மின்னல்தாங்கி ஆக்கவில்லை. ஆக்க வேண்டாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, அந்தச் சொல்லால் யாருக்கும் கேடு இல்லை.

மின்னஞ்சல், மின்னூல் என்று "மின்" இப்போது கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டது. என் பேத்தியிடம் மின் என்று தொடங்கும் சொல் ஒன்று கேட்டால் மின்னஞ்சல் என்கிறாள். நான் என்றால் மின்கம்பம் என்பேன்.

ஜூன் 20

இன்று வகுப்பில் நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

நியூட்ரலில் சுவிட்ச் வைத்த பலகை ஒன்றைச் செய்து வைத்திருக்கிறேன், பல்பு அணைந்தும் டெஸ்டர் எரிவதைக் காட்ட. ஒரு மாணவனைக் கூப்பிட்டு என்ன நடக்கிறது சொல் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சார், கரண்ட் ஓடல. ஆனா நிக்குது" என்றான்.

நிக்குது! இத்தனை வருஷம் நான் தேடியது. மின்னழுத்தம் என்று எழுதிப்போட்டு, தண்ணீர்த்தொட்டி வரைந்து, கையை ஆட்டிச் சொன்னதை அவன் ஒரு வினைச்சொல்லில் முடித்துவிட்டான். ஓடுவது மின்னோட்டம், நிற்பது மின்னழுத்தம். கரண்ட் என்ற சொல்லை விரட்டத் தேவையே இல்லை, அதன் பின்னால் சரியான வினையைப் போட்டால் போதும். இனி என் வகுப்பில் "கரண்ட் இருக்கா?" என்று கேட்கப் போவதில்லை. "ஓடுதா, நிக்குதா, ரெண்டும் இல்லையா?" என்றுதான் கேட்பேன்.

ஜூன் 21, காலை

யாழ்ப்பாணத்து அக்கா உடனே எழுதிவிட்டார். அவர் வார்த்தையிலேயே: "தம்பி, எங்கட ஊரில லைன் நிண்டா 'கறண்ட் நிண்டிட்டுது' எண்டுதான் சொல்லுவம். உங்கட மாணவன் இங்க வந்து 'கறண்ட் நிக்குது' எண்டு சொன்னா, லைன் இல்லையெண்டு நினைச்சு ஆரும் கையை வைச்சிடுவினம்."

நேற்று இருந்த சந்தோஷம் கொஞ்சம் இறங்கிவிட்டது. அவர் சொல்வது முழுக்கச் சரி. நமக்குக் கரண்ட் "போகும்". அவர்களுக்கு அது "நிற்கும்". ஒரே வினை, நேர் எதிரான பொருள், அதுவும் உயிர் விஷயத்தில்.

அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். 1990களின் முதல் பாதியில் அங்கே லைனே இல்லாத வருஷங்களில், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்பார்களாம். அவர்தான் பெடல் சுற்றுவாராம். சுற்றுவது தளர்ந்தால் செய்தி வாசிப்பவர் குரல் தேய்ந்துவிடும், அப்பா "சுத்து, சுத்து" என்பாராம். கரண்ட் என்றால் என்ன என்று தனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவைப்படவில்லை, கையில் தெரிந்தது என்கிறார். ஆற்றல் என்ற சொல்லுக்கு நான் இதுவரை சொன்ன விளக்கம் எதுவும் இந்த அளவுக்குச் சரியாக இல்லை.

ஜூன் 21, இரவு

அப்படியானால் என்ன சொல் என்று கேட்கிறார்கள். மின் கம்பத்தில் ஏறுகிறவர்களைப் பார்த்தேன். அவர்கள் "கரண்ட் இல்லை" என்ற சொல்லை நம்பி ஏறுவதில்லை. "எல்.சி. வாங்கியாச்சா?" என்பார்கள், அதாவது லைன் கிளியர் என்கிற அனுமதி. அதன் பிறகும் டிஸ்சார்ஜ் ராடு போட்டு லைனை மண்ணோடு இணைத்து எர்த் செய்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். யாராவது வீட்டு ஜெனரேட்டரைச் சரியாக இணைக்காமல் ஓட்டினால் அணைத்த லைனிலும் திரும்பி வந்து நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். லைனைப் பற்றிப் பேசும்போது "லைவா இருக்கு" என்கிறார்கள். உயிரோடு இருக்கிறது. பாம்பைப் பற்றிச் சொல்வதுபோல. அதில் ஓடுவது நிற்பது என்ற குழப்பம் இல்லை, அக்காவுக்கும் எனக்கும் ஒரே பொருள்தான்.

ஜூலை 2

பட்டறைச் சுவரில் "கரண்ட் இல்லை என்று உறுதி செய்தபின் தொடவும்" என்று 20 வருஷமாக ஒரு பலகை இருந்தது. நான் எழுதிவைத்ததுதான். கழற்றிவிட்டேன். புதுப் பலகையில் எழுதியிருப்பது: "மெயினை அணை. டெஸ்டர் வேலை செய்கிறதா என்று லைவ் இடத்தில் பார். பிறகு தொடப்போகும் ஒயரில் பார். மறுபடி லைவ் இடத்தில் பார்." மூன்றாவது முறை எதற்கு என்று பெயிண்டர் கேட்டார். நடுவில் டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது என்றேன்.

மின்தடைக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாளை எங்கள் பகுதியில் காலை 9 முதல் மாலை 5 வரை பராமரிப்பு. இன்றைய பேப்பரில் "மின் நிறுத்தம்" என்று போட்டிருக்கிறது. படம் எடுத்து அந்த மாணவனுக்கு அனுப்பியிருக்கிறேன்.